மழை பிந்திய ஆண்டுகள்

பள்ளுப் பிரபந்தங்களைக் கற்போரும் கற்பிப்போரும் விரைந்து தாண்டிச் செல்லும் பகுதி ஒன்று உண்டு. பண்ணைக்காரன் முன்னே பள்ளன் நின்று, தன் பொறுப்பிலுள்ள மாடுகளின் பெயரையும் நெல் வகைகளின் பெயரையும் ஒவ்வொன்றாக ஒப்புவிக்கும் இடம் அது. இந்துக் கல்லூரி ஒன்றிலே தமிழ் கற்பிக்கும் எனக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஏசிக்கொள்ளும்போது விழித்திருக்கும் வகுப்பு, நெல் வகைக்கு வந்ததும் யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிடும். உரைகாரரும் 'இவை நெல்லின் வகைகள்' என்று சொல்லி நகர்ந்துவிடுவர்.

பள்ளு நமக்கு அயலான இலக்கியமன்று. கதிரைமலைப் பள்ளும், நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் பாடிய பறாளை விநாயகர் பள்ளும் ஈழத்து மண்ணிலே எழுந்தவை. மழைக்குறி பார்த்தல், வெள்ளம் வருதல், விதை கேட்டல், உழுதல், விதைத்தல், அறுத்தல், நெல் அளத்தல் என ஒரு போகத்தின் முழு வரலாற்றையும் இவ்விலக்கிய வகை தன் உறுப்புகளாகக் கொண்டுள்ளது. இன்றைய உரையிலே அந்த நெல் பெயர்களில் தொடங்கி, மழை பிந்திய ஆண்டுகளிலும் மிஞ்சிய ஆண்டுகளிலும் நம் நாட்டுக் கமக்காரர் என்ன செய்தனர் என்பதைச் சற்று நோக்கலாம் என்று நினைக்கின்றேன்.

ஒரு பண்ணைக்கு இத்தனை நெல் எதற்கு? உண்பதற்கு ஒரு நெல் போதும். விதைப்பதற்குத்தான் போதாது. மேட்டு வயலுக்கு ஏற்றது பள்ளத்துக்கு ஆகாது. பள்ளத்து வெள்ளத்தில் தலை நிமிர்ந்து நிற்பது உவர் நிலத்தில் கருகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒவ்வொரு பெயருக்குள்ளும் ஒரு வயது மறைந்திருக்கிறது. மூன்று மாதத்தில் விளைவது, நான்கு மாதத்தில் விளைவது, ஆறு மாதம் கிடந்து விளைவது எனப் பழைய நெற்களுக்கு வெவ்வேறு வயது. மழை காலத்தில் வந்தால் ஒன்று, பிந்தினால் இன்னொன்று. புலவர் அழகுக்காக அடுக்கியதாக நாம் எண்ணும் அந்தப் பட்டியல், உழுதவனுக்கு வானம் எப்படி மாறினாலும் எடுத்து வைக்க ஓர் அடுத்த அடி இருந்தது என்பதற்குச் சான்று. இந்த அறிவை ஒப்புவித்தவனுக்கு நிலமும் சொந்தமில்லை, விதையும் சொந்தமில்லை. கணக்குப் பிழைத்தால் அவனைத் தொழுவிலே மாட்டி வைத்தனர். அதையும் அதே நூல்களே சொல்கின்றன. நம் இலக்கிய வரலாறுகள் இதனை நகைச்சுவையோடு சேர்த்துச் சொல்லிக் கடந்துவிடுவது எனக்கு உடன்பாடானதல்ல.

இனி யாழ்ப்பாணத்து வயலுக்கு வருவோம். குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடுவது. தோட்டத்துப் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் கிணறு உண்டு. நெல்லுக்கு வானந்தான். ஆண்டுக்கு ஏறத்தாழ 1250 மில்லிமீற்றர் மழை பெய்கிறதென்றால், அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்னும் மூன்று மாதத்துக்குள் கொட்டி முடிந்துவிடும். சோளகம் வீசும் மாதங்களில் மண் வெடித்துக் கிடக்கும். வாடை திரும்பியதும் அதே வயலில் முழங்காலளவு வெள்ளம் நிற்கும். நெற்பயிரோ தொடக்கத்திலும் நீர் வேண்டும், கதிர் பாலடையும்போதும் நீர் வேண்டும் என்று கேட்பது.

இந்தக் கணக்கைத் தீர்க்கக் கண்ட வழிதான் புழுதி விதைப்பு. தையில் அருவி வெட்டி முடிந்ததும், ஈரம் காய்வதற்கிடையில் ஓர் உழவு. சித்திரையில் இடியோடு ஒரு மழை விழுந்தால் இன்னோர் உழவு. ஆடி, ஆவணி வெயிலில் கட்டிகள் உதிர்ந்து புழுதியாகும். ஆவணிக் கடைசியிலோ புரட்டாதியிலோ, வானத்திலே ஒரு கறுப்புத்தானும் இல்லாத நாளில், அந்தப் புழுதிக்குள் விதையை எறிந்து மறுத்து உழுது மூடிவிடுவர். வெளியூரிலிருந்து வருபவருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். மழை வரட்டும், சேறு அடிக்கலாம், பிறகு விதைக்கலாம் என்பதுதானே பொது அறிவு? ஆனால் மழை வந்து, வயல் நனைந்து, நீர் தேங்கி, சேறு பதமாகும்போது மாரியில் ஒரு பெரும் பகுதி கழிந்துவிடும். அப்படி விதைத்த பயிர் கார்த்திகை வெள்ளம் வரும்போது குழந்தையாக நின்று அழுகும். அதற்குத் தப்பினால் தையில் மழை ஓய்ந்தபின் கதிர் நிரம்ப நீரின்றிச் சாவியாகும். புழுதியிற் கிடக்கும் விதையோ முதல் மழையிலேயே முளைத்துவிடும். வெள்ளம் வரும்போது அது உயர்ந்து வேரூன்றி நிற்கும். மழை ஓயும்போது முற்றிவிடும். தைப்பூசத்துக்குப் புதிர் எடுக்கும் நம்மவர் வழக்கமும் இந்த நாட்கணக்கோடு பொருந்தியதே.

இதிலே சூது இல்லாமல் இல்லை. புரட்டாதியில் ஒரு பொய் மழை பெய்து விதை முளைத்தபின், மூன்று நான்கு கிழமை வெயில் எறித்தால் முளை கருகிப் போகும். தென்மராட்சியிலே வயல் செய்த என் தாய்வழிப் பேரனார் இதைச் சொல்லும் முறை எனக்கு இன்றும் பாடம். "புரட்டாதி மழைக்கு முளைச்சதை ஐப்பசி மழை வந்து எடுக்கவேணும், தம்பி. பிந்தினால் மாடுதான் மேயும்" என்பார். அதனால் அவர் விதைநெல் முழுவதையும் ஒருபோதும் விதைத்ததில்லை. மூன்றில் ஒரு பங்கு கொம்பறையிலே இருக்கும். வீட்டில் எவ்வளவு முடை வந்தாலும் ஆச்சி அதில் கை வைக்க மாட்டா. பள்ளத்து வயலுக்கு மொட்டைக்கறுப்பன், மேட்டுக்குப் பச்சைப்பெருமாள் என்பது அவருடைய பிரிப்பு. மொட்டைக்கறுப்பன் உயர்ந்து வளரும் சிவப்பரிசி நெல், வறட்சியைப் பொறுக்கும், வைக்கோல் தாராளமாகக் கிடைக்கும். விளைவு அதிகமில்லை. 'அதிகம் விளையாது, ஆனால் கைவிடாது' என்பதே ஊரிலே அதற்கிருந்த பெயர்.

மழைக்குறிகளைப் பற்றி நம்மிடையே நிறையக் கட்டுரைகள் வந்துள்ளன. எறும்பு முட்டை கொண்டேறுவதும் தும்பி தாழப் பறப்பதும் அவற்றில் இடம்பெறும். அவை சுவையானவையே. எனக்கோ, குறி பொய்த்த ஆண்டில் என்ன செய்தார்கள் என்பதே அதிகம் அறியத்தக்கதாகப் படுகிறது. மீதி வைத்த அந்த மூன்றில் ஒரு பங்கு நெல் எந்தக் குறியையும் நம்பியதன்று.

ஒரு வீட்டார் தம் கொம்பறைக்குள் செய்த இந்த ஏற்பாட்டை ஓர் ஊரே கூடிச் செய்வதைக் காண வேண்டுமானால், ஆனையிறவைத் தாண்டிக் குளத்து நாட்டுக்குப் போகவேண்டும். வன்னியிலும் நுவரகலாவியவிலும் ஒரு குளத்தின் கழிவு நீர் அடுத்த குளத்துக்குப் போகுமாறு தொடர் தொடராகச் சிறு குளங்கள் கட்டப்பட்டிருப்பதையும், அவற்றைத் தனித்தனியே பார்க்கக் கூடாது என்பதையும் புவியியலாளர் மத்தும பண்டார 1985 இல் எடுத்துக் காட்டினார். குளம் நிரம்பினால் சிக்கல் இல்லை. அரைக்குளம் நீரோடு சிறுபோகம் வந்தால் யாருடைய வயலுக்குத் தண்ணீர்? மதகுக்குக் கிட்ட இருப்பவனுக்கா, கடைவாய்க்காலில் இருப்பவனுக்கா?

சிங்களக் கிராமங்களில் இதற்குக் கண்ட விடை 'பெத்ம' எனப்படுவது. குளத்தை அடுத்த வயற்பகுதியை மட்டும் செய்வதென ஊர் கூடித் தீர்மானிக்கும். அந்தப் பகுதி அந்தப் போகத்துக்கு மட்டும் எல்லாப் பங்காளருக்கும் அவரவர் காணியின் விகிதப்படி பிரித்துக் கொடுக்கப்படும். கிட்ட இருக்கும் காணிக்காரன் தன் காணியின் ஒரு பகுதியை அயலவனுக்கு விட்டுக் கொடுப்பான். போகம் முடிந்ததும் காணி அவனிடமே திரும்பும். எட்மண்ட் லீச் என்னும் ஆங்கிலேய மானிடவியலாளர் 1954 இல் அநுராதபுர மாவட்டத்துப் புல் எலிய என்ற சிற்றூரிலே தங்கி ஆராய்ந்து 1961 இல் வெளியிட்ட நூலில் இந்த நில ஒழுங்கை நுணுக்கமாக விவரிக்கிறார். பழைய வயலில் ஒவ்வொரு குடும்பத்தின் பங்கும் ஒரே துண்டாக இல்லாமல், மேற்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலுமாகச் சிதறி இருக்கிறது. நவீன விவசாயம் கற்றவர்கள் 'துண்டாடப்பட்ட காணி' என்று இதைக் குறைகூறுவதுண்டு. நீர் குறைந்த ஆண்டில் ஒரு பகுதியை மட்டும் செய்தாலும் எவரும் வெறுங்கையோடு நிற்காதபடி வகுக்கப்பட்ட ஒழுங்கு அது என்பது, வறட்சி வரும்போதுதான் தெரியும். கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் கீழ்ச் சிறுபோகத்தில் நீருக்கேற்ப ஏக்கரைச் சுருக்கிப் பங்கு பிரிப்பதும், மகாவலி வலயங்களில் அவ்வப்போது பெத்ம செய்வதும் இந்தப் பழைய எண்ணத்தின் தொடர்ச்சியே. பங்கு பிரிப்பில் சண்டை வருவதில்லையா என்று நேயர்கள் கேட்கலாம். வரும், வராத ஆண்டு அரிது. அதற்காகத்தான் வட்டவிதானை என்றொருவர் இருந்தார். மதகு திறக்கும் நாள், விதைக்கும் நாள், வேலி அடைக்கும் நாள் எல்லாம் அவர் முன்னிலையில் தீர்மானமாகின.

ஆங்கிலேயர் வந்து இந்த வழக்கங்களைச் சிதையவிட்டபின், 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம் தேசாதிபதி ஹென்றி வார்ட் அவற்றை மீளச் சட்டமாக்க முயன்றார். நெற்காணி நீர்ப்பாசனம் தொடர்பான பழைய வழக்கங்களுக்கு உயிர் கொடுப்பதே அதன் நோக்கமெனச் சட்டமே கூறியது. அதே ஆட்சி மறுகையால் செய்தது வேறு. மன்னர் காலத்திலிருந்து நெல்வரி என்பது விளைவில் ஒரு பங்கு. விளைவு குறைந்தால் வரியும் குறையும். அரசனும் வறட்சியில் பங்காளி. 1878 ஆம் ஆண்டின் சட்டத்தின் பின் அதனைக் காசாக மாற்றி, காணிக்கு இவ்வளவு என முன்கூட்டியே கணித்து அறவிடும் முறை பரவியது. மழை பிழைத்த ஆண்டிலும் வரி பிழைக்கவில்லை. 1880களிலே மலைநாட்டு வலப்பனைப் பகுதியில் வரி நிலுவைக்காக வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. உழுதவர்கள் நிலமிழந்து பட்டினிக்கும் நோய்க்கும் இரையாயினர். அந்தப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த லெ மெஷூரியர் என்ற அதிகாரியே இதனை வெளிப்படுத்த, பெரும் விவாதம் எழுந்தது. 1892 இல் நெல்வரி ஒழிக்கப்பட்டது.

இந்த வரலாற்றிலே எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்று. வறட்சியும் வெள்ளமும் வலப்பனைக்குப் புதியவை அல்ல. பலநூறு ஆண்டுகள் அவற்றைத் தாங்கிய கமக்காரன், இழப்பு முழுவதும் தன் தலையில் மட்டும் விழும்படி கணக்கு மாற்றப்பட்டபோதே வீழ்ந்தான். மழையைச் சமாளிக்கும் வித்தை விதையிலும் உழவிலும் பாதி. மீதி, நட்டத்தை யார் யார் சுமப்பது என்ற ஏற்பாட்டிலே இருக்கிறது. பஞ்சங்களைப் பற்றிய நம் நூல்கள் பலவும் மழையளவைச் சொல்லி நின்றுவிடுவது போதாது.

1958 ஆம் ஆண்டு இந்த வகையில் வியப்பான ஆண்டு. ஒரே ஆண்டில் மூன்று காரியங்கள் நடந்தன. 1952 இல் நிறுவப்பட்ட பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எச்-4 என்ற நெல் வெளிவந்தது. முருங்கைக்காயன் என்ற நம் நாட்டு நெல்லுக்கும் இந்தோனேசியாவின் மாஸ் என்ற நெல்லுக்கும் பிறந்தது அது. பிலிப் குணவர்தனவின் நெற்காணிச் சட்டம் குத்தகைக்கு ஓர் உச்ச வரம்பு விதித்தது. விளைவில் நாலிலொரு பங்கு அல்லது ஏக்கருக்குக் குறித்த புசல் அளவு, இரண்டில் எது குறைவோ அதுவே குத்தகை; அதாவது நட்டத்தில் காணிக்காரரும் பங்காளியாக வேண்டும். மூன்றாவதாக, நெல்லுக்கான பயிர்க் காப்புறுதி பரீட்சார்த்தமாக ஆரம்பிக்கப்பட்டு, 1961 இல் தனிச் சட்டமும் பெற்றது. புதிய நெல் வென்றது. எச்-4 நாடெங்கும் பரவிற்று. காணிச் சட்டம் பல ஊர்களில் ஏட்டளவில் நின்றது. தன் உரிமையைக் கேட்ட குத்தகைக்காரர் பலர் வயலை விட்டே வெளியேற்றப்பட்டனர். அதே சட்டம் வட்டவிதானையை அகற்றிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. அக்குழுக்களும் பின்னர் மாற்றங்கள் பல கண்டன.

எச்-4 இன் பின் வந்த நெற்களின் பெயர் இப்போது எண்ணாகிவிட்டது. பி.ஜி. என்றால் பத்தலகொட, ஏ.ரி. என்றால் அம்பலாந்தோட்டை. பி.ஜி. 250 இரண்டரை மாதம், பி.ஜி. 300 மூன்று மாதம், பி.ஜி. 352 மூன்றரை மாதம். எண்ணின் தலைப்பிலேயே வயது எழுதியிருக்கிறது. ஏ.ரி. 354 உவரைத் தாங்கும். பள்ளன் ஒப்புவித்த பட்டியலும் கமநல சேவை நிலையத்து விதைப் பட்டியலும் ஒரே கேள்விக்கான விடைகளே. பழையது யாவும் பொன் என்று வாதிடுவோர் அணியில் நான் இல்லை. மூன்று மாத நெல் வந்திராவிட்டால், குளத்தில் மிஞ்சும் நீரைக் கொண்டு இரண்டாம் போகம் செய்திருக்க முடியாது. ஆராய்ச்சியாளரும் பழைய முறையை முற்றாகத் தள்ளிவிடவில்லை. 1970களின் பிற்பகுதியில் அநுராதபுர மாவட்டத்து வலகம்பாகுவ என்ற ஊரிலே, குளம் நிரம்பும்வரை காத்திராமல் முதல் மழைக்கே குறுகிய வயது நெல்லைப் புழுதியில் விதைத்து, குளத்து நீரைப் பிந்திய பயிருக்கு மிச்சம் பிடிக்கும் பரிசோதனையை அவர்கள் நடத்தினர். யாழ்ப்பாணத்தார் இதைக் கேட்டால் சிரித்திருப்பர்.

குறை எங்கே என்றால், பட்டியல் நீண்டிருந்தும் ஓர் ஊரின் வயல்வெளியெங்கும் ஒன்றோ இரண்டோ நெல்லே விதைக்கப்படுவதில். வியாபாரி கேட்பது அந்த ஒன்றைத்தான். அறுவடை இயந்திரத்துக்கும் வெளி முழுவதும் ஒரே நாளில் விளைந்தால் வசதி. வடக்கிலே இன்னொரு காரணமும் சேர்ந்தது. 1990களிலும் 2008, 2009 ஆம் ஆண்டுகளிலும் இடம்பெயர்ந்து போனவர்கள் கையிலே குழந்தையைக் கொண்டுபோனார்கள். விதைநெல்லைக் கொண்டுபோக முடியவில்லை. என் பேரனாரின் கொம்பறையும் அப்படித்தான் போயிற்று. திரும்பி வந்தவர்கள் விதைத்தது நிவாரணமாகக் கிடைத்த நெல்லை.

வானமோ இப்போது தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டு வருகிறது. பிந்தும் மழைக்கு நம்மவர் பழகியவர்கள். அறுவடை நேரத்து மழைக்குப் பழகியவர்கள் அல்லர். 2011 தை, மாசி மாதங்களில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வெட்டுக்கு நின்ற வயல்கள் வெள்ளத்தில் மூழ்கின. 2016 கடைசியில் மாரி பொய்த்து, 2017 வரை நீடித்த வறட்சி நாற்பது ஆண்டுகளில் காணாதது எனப்பட்டது. குளங்களின் கீழேயே பெரும்பகுதி விதைக்கப்படவில்லை. 2024 கார்த்திகையில் பெங்கால் புயலோடு வந்த மழை கிழக்கிலும் வடக்கிலும் இளம் பயிரை மூடியது. அடுத்த ஆண்டு அதே மாதக் கடைசியில் டித்வா புயல் நாடு முழுவதையும் உலுக்கியது.

இப்படி ஒரு வெள்ளம் வடிந்தபின் கமக்காரர் வரம்பில் நின்று போடும் கணக்கை அண்மைக் காலத்தில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அதிலே குறியும் இல்லை, சாத்திரமும் இல்லை, கிழமைக் கணக்குத்தான். மார்கழி நடுவில் இரண்டரை மாத நெல் கிடைத்து விதைத்தால் மாசிக் கடைசியில் வெட்டலாம். மழை ஓய்ந்தபின் வாய்க்காலில் தண்ணீர் வரவேண்டும். சொந்தக் காணிக்காரர் சிலர் 'இந்தப் போகத்தை விடுவோம், ஈரத்துக்கு உழுந்தையோ பயறையோ எறிவோம்' என்று தீர்மானித்துவிடுகிறார்கள். குத்தகைக்காரர் அப்படித் தீர்மானிப்பதில்லை. அவர் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஆவணியிலேயே காசு கொடுத்துவிட்டார். அந்தக் காசு நகை அடைவு வைத்து எடுத்தது. குளத்து நீரைப் பங்கு பிரித்தாலும் பங்கு காணிக்குத்தான், அவர் பெயர் அந்த இடாப்பில் இல்லை. விதைநெல்லுக்கு அவர் திரும்பவும் கடைக்குப் போகிறார்.